தூற்றப்பட்ட தாமஸ் பெயின்

களத்து மேட்டில் உழவன் நெல்லைத் தூற்றுகிறான். காற்று வரும் திசை பார்த்து, முறத்தை உயர்த்திப் பிடித்து, மெல்லச் சரிக்கிறான். பதர் பறக்கிறது, மணி காலடியில் குவிகிறது. ஒருவன் பெயரைக் கெடுப்பதற்கும் நம்மவர் இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். தூற்றுதல்! ஆனால் இந்தத் தூற்றலில் மணி பறந்துவிடும், பதர் தங்கிவிடும்.

தமிழில் இதற்குச் சொற்பஞ்சம் இல்லை. கோள், புறங்கூறல், அவதூறு, புரளி, வசை, பழி என்று அடுக்கலாம். கரி பூசுவது, சேற்றை வாரி இறைப்பது, முத்திரை குத்துவது, மொட்டைக் கடிதம் போடுவது என்று செயலுக்குச் செயல் பெயர் உண்டு. சங்கப் புலவர்கள் இன்னும் நுட்பமாகப் பிரித்தனர். வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல். ஊரறியப் பேசுவது அலர். காதலர் இருவரைப் பற்றி ஊர் பேசும் பேச்சுக்கு வைத்த பெயர்கள் அவை. வள்ளுவர் புறங்கூறாமைக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார்.

இவையெல்லாம் மனிதனை மனிதன் பேசும் பேச்சு. ஓர் அரசாங்கமே முனைந்து நின்று, ஆள் வைத்து, அச்சகம் வைத்து, ஒரு தனி மனிதனின் பெயரைக் கெடுக்கும் வேலையைத் தொழிலாக நடத்தினால் அதற்கு என்ன பெயர்? பெயர் தேடுவது பிறகு இருக்கட்டும். அப்படித் தூற்றப்பட்ட ஒருவரின் வரலாற்றைத் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்று கருதுகிறோம். அவர் பிரபு குலத்தில் பிறந்தவர் அல்லர். பல்கலைக் கழகம் பார்த்தவர் அல்லர். கையால் தைத்துப் பிழைத்த தொழிலாளி. பெயர், தாமஸ் பெயின்.

இங்கிலாந்தில், நார்போக் வட்டாரத்தில், தெட்போர்டு என்ற சிற்றூர். அங்கே 1737இல் பிறந்தார். தந்தை கச்சுத் தைப்பவர். சீமாட்டிகள் இடை சிறுத்துத் தெரிய வேண்டும் என்பதற்காகத் திமிங்கில எலும்பு வைத்துத் தைத்த கச்சுகளை அந்நாளில் அணிந்தார்கள், அந்தக் கச்சு. பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடம் முடிந்தது. மகனும் தந்தையிடமே தொழில் பழகினார். பிறகு கொஞ்ச நாள் கப்பலில் போனார். திரும்பி வந்து கடை வைத்தார், கடை நொடித்தது. 1759இல் மணம் புரிந்தார். அடுத்த ஆண்டே மனைவி இறந்தார். வறுமையில் உழல்கிற வாலிபனுக்கு வாழ்க்கை கொடுக்கும் அடி அத்தனையும் அவருக்கு விழுந்தது.

கலால் இலாகாவில் வேலை கிடைத்தது. சாராயம், தேயிலை, புகையிலை முதலிய சரக்குகளுக்குத் தீர்வை வசூலிக்கும் வேலை. குதிரை வைத்துக்கொள்ள வேண்டும், ஊர் ஊராக அலைய வேண்டும், கள்ளக் கடத்தல்காரனின் பகையைச் சம்பாதிக்க வேண்டும். சம்பளமோ ஆண்டுக்கு 50 பவுன். அதிலும் குதிரைச் செலவு, வரி, பிடித்தம் எல்லாம் போக மிஞ்சுவது அரை வயிற்றுக் கஞ்சிக்குத்தான் கணக்கு.

1765இல் இந்த வேலையிலிருந்து ஒரு முறை நீக்கப்பட்டார். சரக்கை நேரில் பார்க்காமலே பார்த்ததாகக் கணக்கெழுதினார் என்பது குற்றச்சாட்டு. அது உண்மைதான். ஊதியம் குறைந்த அந்த உத்தியோகத்தில் பலரும் செய்த காரியம், அவரும் செய்தார். மன்னிப்புக் கேட்டு மறுபடியும் சேர்ந்தார். இதை நாம் மறைக்கவில்லை. பின்னால் அவர் மீது எறியப்பட்ட சேற்றில் இந்த ஒரு பிடி மண் உண்மை மண் என்பதைத் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1772இல் அவர் செய்ததுதான் முக்கியம். தன்னோடு வேலை பார்க்கும் கலால் சிப்பந்திகளுக்காக ஒரு மனு எழுதினார். சம்பளத்தை உயர்த்துங்கள்; பட்டினி கிடப்பவனிடம் நேர்மையை எதிர்பார்க்காதீர்கள் என்பது அதன் சாரம். சிப்பந்திகளிடம் வசூல் செய்து அதை அச்சிட்டார்கள். பெயின் அதை எடுத்துக்கொண்டு லண்டன் சென்று பார்லிமெண்டு மெம்பர்கள் வீட்டு வாசலில் காத்துக் கிடந்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்று மட்டும் நடந்தது! 1774 ஏப்ரலில், அனுமதியின்றி வேலைக்கு வராதவர் என்று காரணம் எழுதி, அவரையே வேலையிலிருந்து தள்ளினார்கள். சங்கத்துக்காகப் பேசப் போனவன் சீட்டுக் கிழிந்த கதை நம் ஆலை வாசல்களிலும் நாம் பார்த்த கதைதான். சிறிய புகையிலைக் கடை ஒன்று வைத்திருந்தார். அதுவும் ஏலத்துக்குப் போயிற்று. இரண்டாவது மனைவியும் அவரும் பிரிந்தனர். வயது முப்பத்தேழு. கையில் காசில்லை, எதிரே கடல்.

பெஞ்சமின் பிராங்க்ளின் அப்போது லண்டனில் இருந்தார். அவரிடம் ஓர் அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு பெயின் கப்பல் ஏறினார். 1774 நவம்பர் 30இல் பிலடெல்பியா வந்து சேர்ந்தபோது, காய்ச்சலில் கிடந்த அவரைத் தூக்கித்தான் இறக்கினார்கள்.

பதின்மூன்று மாதம் கழித்து, 1776 ஜனவரியில், ஆசிரியர் பெயர் போடாமல் ஒரு சிறு நூல் வெளிவந்தது. 'பொது அறிவு' என்று பெயர். ஒரு தீவு ஒரு கண்டத்தை ஆள்வது என்ன நியாயம், தகப்பன் அரசன் என்பதற்காக மகன் அரசனாவது என்ன முறை என்று, பண்டிதர் பாஷையில் அல்ல, பட்டறையில் பேசும் பாஷையில் கேட்டது. சில மாதங்களில் ஒரு லட்சத்து இருபதாயிரம் படிகள் விற்றன என்பது பெயின் சொன்ன கணக்கு. அவ்வளவு இராது என்று குறைத்துச் சொல்லும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. குறைத்தாலும், இருபத்தைந்து இலட்சம் மக்களே வாழ்ந்த நாட்டில் அது பெரும் புயல். ஜனவரியில் புத்தகம், ஜூலையில் விடுதலைப் பிரகடனம். லாபத்தில் தமக்குரிய பங்கைக் குளிரில் நடுங்கும் போர்வீரர்களுக்குக் கையுறை வாங்கும் செலவுக்கென்று ஒதுக்கினார். போர் தோல்வி முகத்தில் இருந்தபோது, படையோடு நடந்துகொண்டே அவர் எழுதிய துண்டுப் பிரசுரங்களைச் சிப்பாய்களுக்குப் படித்துக் காட்டினார்கள்.

அமெரிக்கா அவரைக் கொண்டாடிய ஆண்டுகளை நாம் வேகமாகக் கடந்து செல்கிறோம். பாராட்டை விவரிப்பது சுலபம். நமக்கு வேண்டியது 1791.

அந்த ஆண்டில் பெயின் மீண்டும் இங்கிலாந்தில் இருந்தார். இரும்புப் பாலம் ஒன்றுக்கு அவரே திட்டம் வரைந்து, அதை விற்கத்தான் வந்திருந்தார். பிரான்சிலே புரட்சி வெடித்திருந்தது. எட்மண்டு பர்க் என்ற பெரும் பேச்சாளர் புரட்சியைச் சாடி, மன்னர்களுக்கும் மரபுக்கும் வக்காலத்து வாங்கி 1790இல் புத்தகம் எழுதினார். பெயின் பதில் எழுதினார். 'மனித உரிமைகள்' என்று பெயர். முதற் பகுதி 1791இல். இரண்டாம் பகுதி 1792இல்.

இரண்டாம் பகுதியில் என்ன இருந்தது தெரியுமா? ஏழைக் குழந்தைக்குப் பதினான்கு வயது வரை ஆண்டுக்கு 4 பவுன். ஐம்பது வயதைக் கடந்த ஏழைக்கு ஆண்டுக்கு 6 பவுன். அறுபதைக் கடந்தால் 10 பவுன். அது பிச்சை அல்ல, உரிமை என்றார். பெரிய பண்ணைக்காரனுக்கு ஏறுமுகமாக வரி. போருக்கும் அரண்மனைக்கும் போகும் பணத்தை இதற்குத் திருப்பினால் போதும் என்று கூட்டிக் கழித்துக் கணக்கே போட்டுக் காட்டினார், அந்த பழைய கலால் சிப்பந்தி. முதியோர் பென்ஷன் என்ற சொல்லையே ஆளவந்தார்கள் கேட்டிராத காலம் அது!

முதற் பகுதி மூன்று ஷில்லிங் விலை. அப்போது சர்க்கார் பொறுத்துக்கொண்டது. பிறகு மலிவுப் பதிப்பு வந்தது. நெசவாளி வாங்கினான். சுரங்கக்காரன் வாங்கினான். படிக்கத் தெரியாதவன் படிக்கத் தெரிந்தவனைச் சுற்றி உட்கார்ந்து கேட்டான். அப்போதுதான் வந்தது ஆத்திரம். பின்னால் நடந்த வழக்கில் அரசாங்க வக்கீலே இதை ஒளிக்காமல் சொன்னார். விவரமறிந்தவர்கள் கையோடு நின்றிருந்தால் விட்டிருப்போம், குழந்தைகள் தின்னும் மிட்டாயைக்கூட இந்த நூலின் தாளில் மடித்துக் கொடுக்கிறார்களே என்பது அவருடைய புலம்பல்.

நூலுக்குப் பதில் எழுதிப் பார்த்தார்கள். பலர் எழுதினார்கள். எடுபடவில்லை. கருத்தைத் தொட முடியாதபோது ஆளைத் தொடு என்பது பழைய தந்திரம். சால்மர்ஸ் என்று ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர் இருந்தார். 1791இல் அவர் பெயினுடைய வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். அதற்காக அவருக்கு 500 பவுன் கைமாறியது என்று பேச்சு. தம் பெயரைப் போட்டாரா? இல்லை. பிரான்சிஸ் ஓல்டிஸ் என்று ஒரு புனைபெயர். பென்சில்வேனியா பல்கலைக் கழகப் பட்டதாரி என்று ஒரு பொய்ப் பட்டம். அதைவிடச் சாமர்த்தியம், பெயினின் எழுத்துகளுக்கு ஆதரவான நூல் என்று அட்டையில் அச்சிட்டது. பெயினை விரும்புகிறவன் ஆசையோடு வாங்குவான். உள்ளே திறந்தால் நஞ்சு.

அந்த நஞ்சைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது நல்லது. பெயினின் குடும்பப் பெயரின் கடைசியில் ஓர் எழுத்தை அவராகவே சேர்த்துக்கொண்டார், ஆகவே பெயரிலேயே மோசடி என்று ஒரு குற்றச்சாட்டு! ஆங்கிலேயர் பெயர்களை ஆளுக்கொரு விதமாக எழுதிய காலம் அது. அடுத்து, கலால் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். இது உண்மை என்று முன்பே சொன்னோம். இந்த ஓர் உண்மையை முன்வரிசையில் உட்கார வைத்து, அதன் நிழலில் மற்றப் பொய்களை ஏற்றி அனுப்பினார் ஓல்டிஸ். முதல் மனைவி எப்படி இறந்தார்? கொடுமை தாங்காமல் மாண்டார் என்கிறார்கள் சிலர். ஆஸ்பத்திரியில் இறந்தார் என்கிறார்கள் வேறு சிலர். இல்லை, இன்னும் எங்கோ உயிரோடு மறைந்து வாழ்கிறார் என்போரும் உண்டு. இப்படி எழுதியிருக்கிறார் அந்தப் பட்டதாரி. கொன்றார் என்று எழுதினால் சாட்சி கேட்பார்கள். என்கிறார்கள் என்று எழுதினால் யாரைப் போய்க் கேட்பது? முப்பது ஆண்டுக்கு முன் பிரசவத்தையொட்டி இறந்த ஓர் ஏழைப் பெண்ணைக் கல்லறையிலிருந்து எழுப்பி, புருஷன் மீது ஏவிவிட்டார்கள். அவர் தைத்த கச்சையும் விடவில்லை. கச்சுத் தைத்தவனுக்கு அரசியல் எதற்கு என்று கேலிச் சித்திரம் போட்டார்கள். மங்கை நாட்டின் முதுகில் காலை ஊன்றிக் கச்சை இறுக்குவதாக வரைந்தார்கள். உழைத்துப் பிழைத்தது குற்றமாம்!

இந்தப் புத்தகம் பதிப்பு மேல் பதிப்பாக வந்தது. 1792 மே மாதம் மன்னர் பெயரால் ராஜத் துரோக எழுத்துகளுக்கு எதிராக அறிக்கை வந்தது. அதன்பின் நடந்ததுதான் நம் ஊருக்கும் பழக்கமான காட்சி. கொடும்பாவி! 1792 கடைசியிலும் 1793 தொடக்கத்திலும் இங்கிலாந்தின் ஊர் ஊராகப் பெயினின் கொடும்பாவியைத் தூக்கிலிட்டார்கள், சுட்டார்கள், கொளுத்தினார்கள். நூற்றுக்கணக்கான ஊர்கள். பல இடங்களில் செலவு உள்ளூர்ப் பெரிய மனிதருடையது. வைக்கோல் பொம்மையின் கையில் கச்சு எலும்பைச் செருகினார்கள். கனவான்கள் தங்கள் பூட்சின் அடியில் பெயினின் பெயரின் முதல் எழுத்துகள் பொறித்த ஆணிகளை அடித்துக்கொண்டு, நடக்கும்போதெல்லாம் அவரை மிதிப்பதாக மகிழ்ந்தார்கள். அவர் தூக்கில் தொங்குவதாக நாணயம் போன்ற வில்லைகள் அடித்தார்கள். பூட்ஸ் தைத்தவன், ஆணி அடித்தவன், வில்லை வார்த்தவன் எல்லோரும் யார்? யாருக்காக அந்த மனிதர் பென்ஷன் கேட்டாரோ அவர்கள்தாம். இதைத்தான் நம்மால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

செப்டம்பரிலேயே பெயின் பிரான்சுக்குச் சென்றுவிட்டார். அங்கே மக்கள் அவரைத் தங்கள் சபைக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். டிசம்பர் 18ஆம் நாள் லண்டனில், அவர் இல்லாமலே வழக்கு நடந்தது. எர்ஸ்கின் என்ற பேர்போன வக்கீல் பெயினுக்காக வாதாடினார். அதற்காக இளவரசரிடம் இருந்த பதவியை இழந்தார். அவர் பேசி முடித்ததும் அரசாங்க வக்கீல் பதில் சொல்ல எழுந்தார். ஜூரிகள் அதெல்லாம் தேவையில்லை என்று சொல்லி, குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னார்கள். சட்டத்துக்குப் புறம்பானவர் என்று பெயினை அறிவித்தார்கள். அவர் தப்பினார், அவர் நூலை விற்ற கடைக்காரர்கள் தப்பவில்லை, சிறை சென்றார்கள். ஸ்காட்லாந்தில் தாமஸ் மியூர் என்ற வக்கீலுக்குப் பதினான்கு ஆண்டு தீவாந்தர சிட்சை. அவர் மீது சாட்டிய குற்றங்களில் ஒன்று, பெயின் நூலைப் பரப்பியது.

இங்கிலாந்தில் அவருக்குச் சூட்டிய பட்டம் இரத்த வெறியன், ராஜாக்களின் எமன். சரி, அந்த இரத்த வெறியன் பாரிசில் என்ன செய்தார்? 1793 ஜனவரியில் பதினாறாம் லூயி மன்னனைக் கொல்லலாமா என்று சபையில் விவாதம் நடந்தது. கொல்லாதீர்கள் என்று எழுந்து நின்றார் பெயின். முடியாட்சியைக் கொல்லுங்கள், மனிதனைக் கொல்லாதீர்கள் என்ற கருத்துப்பட, அவனை அமெரிக்காவுக்கு நாடுகடத்தி விடலாம் என்றார். பிரெஞ்சு பேச வராது. அவருடைய பேச்சை மொழிபெயர்த்து வேறொருவர் படித்தார். இது தப்பான மொழிபெயர்ப்பு என்று இடையிலே கூச்சலிட்டார் மாரா. பெயின் அப்படியே சொன்னேன் என்று உறுதி சொன்னார். மன்னன் தலை உருண்டது. அன்றிலிருந்து பாரிசில் பெயினுக்கு வேறு பெயர்: மன்னன் கூட்டாளி, இங்கிலாந்துக்காரன், அந்நியன். கடலுக்கு இந்தக் கரையில் மன்னனைக் கொல்லத் துடிப்பவன். அந்தக் கரையில் மன்னனைக் காக்கத் துடிப்பவன். ஒரே மனிதர், ஒரே மாதம்!

1793 டிசம்பர் 28இல் கைது செய்து லக்சம்பர்க் சிறையில் அடைத்தார்கள். கைதாகிப் போகும்போது ஒரு கையெழுத்துப் பிரதியை நண்பரிடம் சேர்ப்பித்துவிட்டுப் போனார். அதைப் பற்றிப் பிறகு. அமெரிக்கத் தூதராக இருந்த மாரிஸ், பெயினுக்கு வேண்டாதவர். இவர் எங்கள் குடிமகன், விடுங்கள் என்று அழுத்திக் கேட்க வேண்டியவர் அழுத்திக் கேட்கவில்லை. பத்து மாதச் சிறையில் காய்ச்சலில் சாகக் கிடந்தார். கில்லட்டினுக்குப் போகிறவர் அறைக் கதவில் இட்ட அடையாளம், கதவு திறந்து கிடந்ததால் உட்புறமாக விழுந்து, கதவை மூடியதும் மறைந்துபோயிற்று. அதனால் பிழைத்தேன் என்று அவரே எழுதியிருக்கிறார். மாரிசுக்குப் பின் தூதராக வந்த மன்றோ முயன்று, 1794 நவம்பரில் அவரை வெளியே கொண்டுவந்தார்.

அந்தக் கையெழுத்துப் பிரதிதான் 'அறிவின் காலம்'. கடவுள் ஒருவர் உண்டு என்று தொடங்குகிற நூல் அது. கடவுளை நம்புகிறேன், ஆனால் பாதிரிகள் கட்டிய மாளிகையை நம்பவில்லை, வேத நூல்களில் உள்ள முரண்பாடுகளைப் பாருங்கள் என்று எடுத்துக்காட்டுகிற நூல். பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் கடவுள் மறுப்பில் இறங்கிவிடுவார்களோ என்ற கவலையும் அதை எழுதியதற்கு ஒரு காரணம். அந்த நூலுக்குக் கிடைத்த பரிசு, நாத்திகன் என்ற முத்திரை! நாத்திகம் இழிவு என்று நாம் சொல்லவில்லை. நாத்திகனாக இருந்து அதைச் சொல்லிக்கொள்கிறவனின் துணிவு வேறு செய்தி. தன்னை ஆத்திகன் என்று எழுதி வைத்தவனை நாத்திகன் என்று நாடெங்கும் பறையடித்தார்களே, அது அவதூறு. நூலைப் படித்தவனுக்குப் பொய் தெரிந்துவிடும். ஆகவே யாரும் படிக்கக் கூடாது. 1797இல் அந்த நூலை விற்றவர் மீது லண்டனில் வழக்கு வந்தபோது, எதிர்த்து வாதாடியவர் யார் என்று கேட்டால் வியப்பீர்கள். முன்பு பெயினுக்காகப் பதவி இழந்த அதே எர்ஸ்கின்! 1819இல் ரிச்சர்டு கார்லைல் என்ற பதிப்பாளர் அதே நூலை விற்றதற்காகச் சிறை சென்றார். மனைவி கடையில் உட்கார்ந்து விற்றார், சிறை சென்றார்; தங்கை விற்றார், சிறை சென்றார்; அதன் பின் கடைச் சிப்பந்திகள் ஒருவர் பின் ஒருவராக நின்று விற்றுச் சிறை சென்றார்கள். கார்லைல் வெளியே வர ஆறு ஆண்டு ஆயிற்று.

1802இல் பெயின் அமெரிக்கா திரும்பினார். ஜெபர்சன் அப்போது ஜனாதிபதி. அவருடைய எதிர்க்கட்சிப் பத்திரிகைகளுக்கு விருந்து கிடைத்தது. ஜெபர்சனை அடிக்க ஒரு கல் வேண்டும், பெயின் அகப்பட்டார். குடிகாரன், கடவுள் துரோகி, வாஷிங்டனை ஏசியவன். வாஷிங்டனைச் சாடிப் பெயின் 1796இல் வெளியிட்ட கடிதம் கடுமையானதுதான். சிறையில் கைவிடப்பட்ட கசப்பு அதில் பொங்கி வழிந்தது. அவர் குடித்ததும் உண்மைதான். ஆனால் இரவு பகல் தெரியாமல் கிடந்தவர் என்று எழுதினார்களே, அப்படிக் கிடந்தவர் கடைசி ஆண்டுகள் வரை கட்டுரை எழுதிக் குவித்தது எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை.

1803இல் டிரென்டன் என்ற ஊரிலிருந்து நியூயார்க் போக அவருக்குக் கோச்சு வண்டியில் இடம் மறுத்தார்கள். ஒரு வண்டிக்காரர் சொன்ன காரணம் வேடிக்கை: என் வண்டியிலும் குதிரையிலும் ஏற்கனவே ஒருமுறை இடி விழுந்திருக்கிறது, இன்னொருமுறை வேண்டாம் என்றாராம். வேறு வண்டியில் புறப்பட்டவரைச் சுற்றி ஒரு கும்பல் தப்பட்டை அடித்தது. எந்த நாட்டின் விடுதலைக்கு எழுதினாரோ அந்த நாட்டில், விடுதலைப் போரில் பல சண்டைகளைக் கண்ட நியூ ஜெர்சி மண்ணில்!

அதைவிடக் கொடியது 1806இல் நடந்தது. நியூ ரோஷல் என்ற ஊரில் அவருக்கு ஒரு பண்ணை இருந்தது. விடுதலைக்குச் செய்த தொண்டுக்காக நியூயார்க் மாநிலமே 1784இல் கொடுத்தது. அந்த ஊரில் தேர்தல். வோட்டுப் போடச் சென்றார். தேர்தல் அதிகாரி மறுத்தார். நீர் அமெரிக்கக் குடிமகன் அல்லர். குடிமகன் என்றால் பாரிஸ் சிறையில் கிடந்தபோது நம் தூதர் மாரிஸ் உம்மைக் கேட்டு வாங்கியிருப்பாரே என்பது அவர் சொன்ன காரணம். ஒருவர் செய்த வஞ்சனை இன்னொருவர் கையில் சாட்சியாக மாறுவதைப் பாருங்கள். பெயின் வழக்குப் போட்டார், தோற்றார்.

1809 ஜூன் 8ஆம் நாள் நியூயார்க்கில் இறந்தார். கடைசி நாட்களில்கூட, மனம் மாறினேன் என்று ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று படுக்கையருகே வந்து நின்றவர்கள் உண்டு. வாங்க முடியவில்லை. வாங்கியதாகப் பின்னால் கதை கட்டினார்கள். தந்தை சார்ந்திருந்த குவேக்கர் சபையின் இடுகாட்டில் இடம் கேட்டிருந்தார், மறுத்துவிட்டார்கள். பண்ணையின் ஒரு மூலையில் புதைத்தார்கள். அவருக்குப் பாரிசில் அடைக்கலம் தந்த பொன்வில் குடும்பத்தின் அம்மையார், அவருடைய மகன், ஒரு குவேக்கர், இரண்டு நீக்ரோத் தோழர்கள், இன்னும் ஓரிருவர். விரல் விட்டு எண்ணக்கூடிய கூட்டம். அடிமை வியாபாரத்தைக் கண்டித்த மனிதரின் சவக்குழிக்கு அந்த இருவர் வந்தார்கள். அரசாங்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை.

செத்த பிறகாவது விட்டார்களா? அதே ஆண்டில் சீத்தம் என்ற பத்திரிகாசிரியர் இன்னொரு வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். முன்பு பெயினின் நண்பர், பிறகு பகைவர். அழுக்கு, குடி, கஞ்சத்தனம் என்று அள்ளி வீசியதோடு, பொன்வில் அம்மையாரின் மகனுக்குப் பெயினின் முகச்சாடை இருப்பதாகவும் எழுதினார். செத்தவர் வழக்குப் போட முடியாது. அந்த அம்மையார் போட்டார். அந்நிய நாட்டுப் பெண், புருஷன் பாரிசில், கையில் பிள்ளைகள். மானநஷ்ட வழக்கில் சாட்சிகள் வந்தார்கள். எழுதியது பொய் என்று நிலைத்தது. சீத்தமுக்குத் தண்டனை 150 டாலர் அபராதம். அவ்வளவுதான்! அந்தப் புத்தகம் மதத்துக்கு நல்ல தொண்டு செய்கிறது என்று நீதிபதி வாய்விட்டுப் பாராட்டவும் செய்தார். பொய் என்று கோர்ட்டு தீர்ப்புச் சொன்ன அந்தப் புத்தகத்திலிருந்துதான் பின்வந்த எழுத்தாளர்கள் பல்லாண்டு காலம் பெயினைப் பற்றிய செய்திகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சால்மர்ஸ் எழுதியதைச் சீத்தம் எடுத்தார். சீத்தம் எழுதியதை அடுத்தவர் எடுத்தார். பத்துப் பேர் எழுதியதால் பத்துச் சாட்சி போல ஆயிற்று. ஊற்று ஒன்றுதான்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி மட்டும் தானாகவே அறுந்தது. வில்லியம் காபெட் என்ற எழுத்தாளர். 1796இல் அமெரிக்காவில் இருந்துகொண்டு, ஓல்டிஸ் புத்தகத்தைச் சுருக்கி, வசையை இன்னும் காரமாக்கி வெளியிட்டவர் அவர். பின்னால் இங்கிலாந்து திரும்பி, விலைவாசி ஏன் ஏறுகிறது, காகித நோட்டும் கடனும் ஏழையை எப்படி அரைக்கின்றன என்று ஆராயப் புகுந்தார். அப்போது பெயின் எழுதிய நிதி பற்றிய சிறு நூல் ஒன்றைப் படித்தார். தாம் தேடிய விளக்கம் அதிலே இருந்தது. தாம் காறித் துப்பிய மனிதரிடமே பாடம் கேட்க வேண்டியதாயிற்று. காபெட் மாறினார். சொல்லால் மட்டும் அல்ல. 1819இல் நியூ ரோஷல் சென்று, புல் மண்டிக் கிடந்த அந்தக் குழியைத் தோண்டி, பெயினின் எலும்புகளைப் பெட்டியில் வைத்து இங்கிலாந்துக்கே கொண்டுவந்தார். பெரிய நினைவு மண்டபம் எழுப்புவது அவர் எண்ணம். நாடு சிரித்தது. எலும்பு வியாபாரி என்று இப்போது காபெட்டுக்குக் கேலிச் சித்திரம். போல்டன் நகரில் எலும்புகள் வந்த செய்தியைத் தண்டோராப் போட்டவரைச் சிறைக்கு அனுப்பினார்கள். மண்டபம் எழவில்லை. 1835இல் காபெட் இறக்கும்போது அந்தப் பெட்டி அவர் வீட்டிலேதான் இருந்தது. அதன்பின் எலும்புகள் கைமாறிக் கைமாறி, எங்கே போயின என்று எவருக்கும் தெரியாமல் மறைந்தன.

1888இல் தியோடர் ரூஸ்வெல்ட் ஒரு புத்தகம் எழுதினார். பின்னால் ஜனாதிபதியான அதே ரூஸ்வெல்ட். யாருடைய வரலாறு? பெயினைச் சிறையில் விட்டுவைத்த தூதர் மாரிசுடைய வரலாறு. அதில் பெயினுக்கு ஓர் அடைமொழி கொடுத்தார். அழுக்கு, சிறுமை, நாத்திகம் மூன்றையும் அதில் அடக்கினார். மூன்றுமே பொய். நூறாண்டுக்கு முன் லண்டனில் காய்ச்சிய சரக்கு, அமெரிக்கப் பெரிய மனிதரின் பேனா வழியாகப் புதுச் சரக்காக வந்தது. நான்கு ஆண்டு கழித்து, 1892இல், மான்க்யூர் கான்வே என்பவர் இரண்டு கண்டங்களிலும் அலைந்து, மாதா கோயில் பதிவுகளையும் பழைய கடிதங்களையும் கோர்ட்டு ஏடுகளையும் புரட்டி, ஒவ்வொரு பழிக்கும் ஊற்று எது என்று தேடிப் பெயினின் வரலாற்றை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். ஓல்டிஸ், சீத்தம் இருவருடைய முகமூடியும் அதிலேதான் முழுதாகக் கழன்றது. பெயின் இறந்து எண்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு!

1942 பிப்ரவரியில், உலகப் போர் மோசமாகிக்கொண்டிருந்த நேரத்தில், இன்னொரு ரூஸ்வெல்ட், பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், வானொலியில் நாட்டு மக்களிடம் பேசினார். சோர்ந்து போகாதீர்கள் என்று சொல்ல அவருக்குக் கிடைத்த சொற்கள், விடுதலைப் போரின் குளிர்காலத்தில் பெயின் எழுதிய சொற்கள். பெயரைச் சொல்லியே எடுத்துக்காட்டினார்.

பிறந்த ஊரான தெட்போர்டில் 1964இல்தான் அவருக்குச் சிலை வைத்தார்கள். அதற்கும் அமெரிக்கர்கள்தான் முன்கை எடுத்தார்கள். பொன் முலாம் பூசிய சிலை. ஒரு கையில் இறகுப் பேனா, மறு கையில் 'மனித உரிமைகள்' நூல். அந்த நூலைச் சிற்பி தலைகீழாக வைத்திருக்கிறார். அட்டையில் உள்ள பெயரைப் படிக்க வேண்டுமானால் தலையைச் சாய்த்துத்தான் படிக்க வேண்டும். துரோகிக்குச் சிலையா என்று அப்போதும் அந்த ஊரில் எதிர்ப்புக் கிளம்பியது. லண்டனில் ஜூரிகள் தீர்ப்புச் சொல்லி 172 ஆண்டுகள் ஆகியிருந்தன.